போகச் சொன்னவர்

"நோ சார், நாட் ஜி. ஜே. ஜே ஃபார் ஜக்," என்று எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கனகவல்லி போனில் கத்திக்கொண்டிருந்தாள். நர்சரி பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே குரல். பாரிஸில் அவள் கணவன் தங்கியிருந்த ஓட்டலின் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஆங்கிலம் அவள் அளவுக்குக்கூட வரவில்லை. ஜெபசீலன் என்ற பெயரை அவள் எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொன்னாள். அவன் வேறு யாருடைய பெயரையோ திருப்பி வாசித்தான்.

"இந்தியன். இந்தியன் குரூப். ஃபுட்பால்," என்றாள்.

"ஆ, இந்தியன்!" அவனுக்குப் புரிந்துவிட்டது. உற்சாகமாக ஏதோ சொன்னான். அதில் பஸ் என்ற சொல்லும் பார்ட்டி என்ற சொல்லும் இருந்தன. பார்ட்டி, மேடம், பார்ட்டி என்று இன்னொரு முறை அழுத்திச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். கிளம்பிவிட்டார்கள் என்பதற்குப் பிரெஞ்சில் அதுதான் சொல் என்று அவளுக்குத் தெரியாது.

கூண்டுக்கு வெளியே தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கனகவல்லி ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். விடியற்காலையில் மாமனாரின் வாயைத் துடைத்த கறை சேலை முந்தானையில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அடுத்த எண்ணைச் சுழற்றினாள். அது மவுண்ட் ரோட்டில் இருந்த குளிர்பானக் கம்பெனியின் ஆபீஸ். போனை எடுத்தவர் தமிழர். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் தணிந்தது.

"அடடா. குரூப் விடிகாலையிலேயே பஸ்ல கிளம்பியிருக்கும் மேடம். இன்னைக்கு மார்செய்ல பிரேசில் மேட்ச். வழியில நிறுத்தும்போது கைடு எங்களுக்குப் பேசுவாரு. எந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லட்டும்?"

எதிர்வீட்டுப் பட்டாபிராமன் சார் நம்பரைக் கொடுத்தாள்.

"விஷயத்தைச் சொல்லிடச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார். வீட்டுக்குப் பேசச் சொல்லுங்க, போதும். நான் சொல்லிக்கறேன்."

வீட்டு வாசலில் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பெஞ்சின் மேல் மாமனார் சவுரிமுத்து படுத்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கோத்த விரல்களுக்கிடையில் ஜெபமாலை. தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி அவரைப் பல்வலிக்காரர்போலக் காட்டியது. தலைமாட்டில் மெழுகுவத்தி எரிய, அதன் பக்கத்தில் மாமியார் அம்மணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. ஈ உட்கார வரும்போது மட்டும் கையை வீசினாள்.

பெருங்களத்தூரிலிருந்து வந்திருந்த யேசுதாசன், இறந்தவரின் தம்பி, வாசலிலேயே கனகவல்லியை மடக்கினார். "இன்னாம்மா, கெடைச்சானா?"

"பஸ்ல போய்க்கினு இருக்காங்களாம், சின்ன மாமா. கூப்பிடுவாரு."

"சாமியார் நாலு மணிக்கு வரட்டுமான்றாரு. இந்த வெயில்ல தாங்காதும்மா. காலு இப்பவே வீங்கிக்கினு கீது. வைக்கணும்னா ஐஸ் பாளம் சொல்லணும். அவன் வர்றானா இல்லியான்னு தெரிஞ்சாத்தான்..."

"எம் புள்ள வராம பொட்டியை மூடக் கூடாது." அம்மணி உள்ளேயிருந்தே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "சொல்லிட்டேன்."

யேசுதாசன் பந்தல்காரர்கள் பக்கம் போனார். கனகவல்லி போய் மாமனாரின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

பிரான்சுக்குப் போயிருக்க வேண்டியது இவர்தான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்து ரிட்டயரானவர். இளவயதில் ஒர்க்‌ஷாப் ஃபுட்பால் டீமுக்குப் பின்வரிசையில் ஆடி, முழங்கால் போய் நிறுத்தியவர். தெருவே கிரிக்கெட் பார்க்கும்போது, நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் உலகக் கோப்பைக்காக அவர் காத்திருப்பார். அந்த வருஷம் கோப்பை பிரான்சில்; அதைப் பார்க்க ஆள் அனுப்பக் குளிர்பானக் கம்பெனி ஒரு போட்டி வைத்தது. மூடிகளைச் சேர்த்து, ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். வாழ்நாளில் அந்தக் குளிர்பானத்தை அவர் குடித்ததில்லை. கடை கடையாகப் போய் மூடி கேட்டு வாங்கினார். "வரியை நீ எழுதிக் குடு, டீச்சரம்மா. இங்கிலீஷ்ல நல்லா இருக்கணும்," என்று கனகவல்லியிடம்தான் வந்தார். அவள் எழுதினாள். அதற்குப் பரிசு விழுந்தது. ஒரு ஆளுக்குப் பிரான்ஸ் போய்வரும் செலவு முழுக்கக் கம்பெனியுடையது.

பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரன் எத்தனை சொல்லியும் அவரால் வாயை மூட முடியவில்லை. மூன்றாவது முறைதான் படம் சரியாக வந்தது.

பாஸ்போர்ட் வந்து சேர்ந்தபோது இருமலும் வந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்புறம் வேறென்னவோ எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபசீலனையும் அவளையும் டாக்டர் தனியாக நிறுத்தி, "விமானத்துல ஏத்தற உடம்பு இல்ல. ஒரு மாசமும் ஓடலாம், ஒரு வாரத்துலயும் முடியலாம்," என்றார். அம்மணியிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று இருவரும் வழியிலேயே பேசிக்கொண்டார்கள். சவுரிமுத்துவிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

கம்பெனி நல்ல மனசோடு, வீட்டில் வேறு யாராவது போகலாம் என்றது. ஜெபசீலனிடம் துபாய் வேலைக்காக எப்போதோ எடுத்த பாஸ்போர்ட் இருந்தது.

"நீ போய்ட்டு வாடா," என்றார் சவுரிமுத்து.

"உங்களை இப்படி விட்டுட்டா?"

"எனக்கின்னா? கல்லு மாதிரி கீறேன். போய் எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லு."

ஜெபசீலன் மறுபடியும் கேட்டான். அவர் மறுபடியும் போகச் சொன்னார். மூன்றாம் முறை அவன் கேட்டபோது குரலில் ஏற்கெனவே ஒரு துள்ளல் இருந்ததைக் கனகவல்லி கவனித்தாள். அவரும் கவனித்திருப்பார். "டிவியில உன்னைத் தேடுவேன், இன்னா சட்டை போடுவே?" என்று கேட்டார். பச்சைச் சட்டை என்றான் அவன்.

முதல் ஆட்டத்தன்று தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்காரவைத்தாள். காமிரா பந்தை விட்டுக் கூட்டத்தின் பக்கம் போகும்போதெல்லாம் அவர் முன்னால் குனிந்தார். அரங்கு முழுக்கப் பிரேசில்காரர்கள். எங்கு பார்த்தாலும் மஞ்சளும் பச்சையும். "அதோ அவனா பாரு, டீச்சரம்மா." இல்லை மாமா. "அது?" இல்லை மாமா. ஆட்டம் முடிவதற்குள் களைத்துப் படுத்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டு வாய் வாங்கிவிட்டு மூன்றாவதற்கு வாய் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"போன்னு சொன்னா போயிடுவானாம்மா?"

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. இரவு மூச்சு வாங்கும்போது மட்டும் வாசல் பக்கம் பார்ப்பார்.

"டெலிபோன்!" என்று எதிர்வீட்டு வாசலிலிருந்து பட்டாபிராமன் சார் கையசைத்தார். "லாங் ரிங்கும்மா. ஃபாரின் கால்தான்."

கூடத்தில் இருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அம்மணி மட்டும் பார்க்கவில்லை. கனகவல்லி செருப்புப் போடாமலே தெருவைக் கடந்தாள். பட்டாபிராமன் சார் அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"கனகா! என்ன, வீட்டுக்குப் பேசச் சொன்னாங்களாமே? வழியில நிறுத்தியிருக்காங்க. பஸ்ஸுல ஒரே பாட்டுதான் போ. இங்க பெட்ரோல் பங்க்லகூட எல்லாரும் மூஞ்சில பெயின்ட் அடிச்சுக்கிட்டு... அப்பாகிட்ட சொல்லு, இன்னைக்கு எங்களுக்கு சீட்டு கோலுக்குப் பின்னாடியேவாம்..."

"அப்பா போயிட்டாருங்க."

அவன் பக்கத்தில் யார் யாரோ பாடுவது கேட்டது. கை தட்டினார்கள். ஒரு ஊதல் நீளமாக ஊதி நின்றது.

"எப்ப?"

"விடியக்காலைல."

"டாக்டர் ஒரு மாசம்னாரே."

"ஒரு வாரம்னும் சொன்னாரு."

அவன் அழத்தொடங்கினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை. க்யா ஹுவா, என்ன ஆச்சு என்று யாரோ அவனை இந்தியில் கேட்டார்கள். அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். மேஜைமேல் பட்டாபிராமன் சாரின் மூக்குக்கண்ணாடி மடிக்காமல் கிடந்தது.

"எப்ப வர்றீங்க?" என்று கேட்டாள்.

"இரு." அவன் ரிசீவரைப் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினான். திரும்பி வந்தான். "கைடு சொல்றாரு, இன்னைக்கே ரயில்ல பாரிஸ் அனுப்பி ஃப்ளைட் புடிச்சுத் தர்றேன்னு. பாம்பே வந்து, அங்கேருந்து... நாளன்னைக்குக் காலைல வந்துடலாமாம்."

அவளுக்குக் காலையிலிருந்து பிடித்துவைத்திருந்ததை இறக்கிவைத்ததுபோல இருந்தது. "சரிங்க. வாங்க. ஐஸ் வச்சுப் பாத்துக்கலாம்னு சின்ன மாமா சொல்றாரு. அத்தையும் நீங்க வராம எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. வந்துடுங்க."

மறுமுனையில் பாட்டு மட்டும் கேட்டது.

"கேக்குதா?"

"ரெண்டு நாள் ஐஸ்லயா?"

"ஆமா."

"வேணாம் கனகா. அவருக்குக் குளிரே ஆகாது. மார்கழியில மஃப்ளரை எடுக்க மாட்டாரு. அவரைப் போய்..."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று நினைத்தாள்.

"எடுத்துடுங்க," என்றான்.

"அப்ப நீங்க வரலியா?"

"வந்து என்ன பண்ணப் போறேன் சொல்லு? முகத்தைப் பாக்கறதுதானே. அந்த முகமும் எப்படியிருக்குமோ..." மூக்கை உறிஞ்சினான். "அவருதானே போகச் சொன்னாரு. எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லுன்னாரு. பாதியில விட்டுட்டு ஓடி வந்தா அவருக்கே புடிக்காது. நீ அங்கதானே இருந்தே, நீ சொல்லு. மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் போன்னாரு. இல்லியா?"

"ஆமா."

"இல்லியா?"

"ஆமான்னு சொன்னேனே."

பாட்டுச் சத்தம் தள்ளிப் போனது. பஸ்ஸில் ஏறத் தொடங்கியிருப்பார்கள். கணவன் மூச்சு விடுவது மட்டும் காதுக்குள் கேட்டது. அத்தனை தூரத்திலிருந்து இத்தனை கிட்டத்தில்.

"கடைசியில என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

அந்த வாக்கியம் அவள் நாக்கின்மேல் முழுசாக வந்து நின்றது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகமும், கஞ்சி காய்ந்து ஒட்டிய உதடும் சேர்ந்து வந்தன. சொல்லிவிட்டால் அவன் ரயிலேறுவான். நிச்சயமாக ஏறுவான். வந்து ஐஸில் கிடக்கும் அப்பாவின் முன்னால் நிற்பான். பிறகு இருக்கிற நாளெல்லாம் அந்த ஒரு கேள்வியோடு அவள் பக்கத்தில் படுத்து எழுந்திருப்பான். சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"உங்களை டிவியில பாத்துட்டேன்னாரு."

"பாத்தாரா? நிஜமாவா?"

"பச்சைச் சட்டையில."

அவன் ஓவென்று அழுதான். அந்த அழுகையில் ஒரு சந்தோஷம் இருந்தது. அவள் ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டாள். இணைப்புத் துண்டிக்கப்படும்வரை அப்படியே பிடித்திருந்தாள்.

வெளியே வந்ததும் பட்டாபிராமன் சார், "வரானாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினாள். அது எந்தப் பக்கத்து ஆட்டல் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இரும்புலியூரில் அவளுடைய அண்ணன் கேசவன், கிறிஸ்தவப் பையனோடு பழகியதற்காக அவளைக் கட்டின புடவையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். ரோட்டோர பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். ஜெபசீலன் அப்போது வெளியூரில் இருந்தான். யாரோ சொல்லி, சைக்கிளில் வந்தவர் சவுரிமுத்துதான். ஒன்றும் கேட்கவில்லை. "வூட்டுக்குப் போலாம் வாம்மா," என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் வேகத்துக்கு நடந்தார். மதம் மாறு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை அவள் ஏற்றும் விளக்குக்கு எண்ணெய் வாங்கி வந்ததும் அவர்தான்.

தெருவைக் கடந்து வருவதற்குள் தார் உள்ளங்காலைச் சுட்டது. அப்போதுதான் செருப்பு இல்லாதது தெரிந்தது.

கூடத்துக்குள் வந்து மாமனாரின் கால்மாட்டில் நின்றாள்.

"இன்னைக்கே எடுத்துடலாம் அத்தை," என்றாள். "பிளேன் கெடைக்கலையாம். ரொம்ப அழுதாரு."

அம்மணி முதல் முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"பிளேன் கெடைக்கலைன்னு அவன் சொன்னானா, நீ சொல்றியா?"

கனகவல்லி மாமனாரின் வேட்டி ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

அம்மணி தரையில் கையூன்றி எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கணவரின் நெற்றியில் கையை வைத்தாள். "கேட்டுக்கினியா?" என்றாள் அவரிடம். பிறகு திரும்பி, "யேசு, பொட்டியை எடுத்தாரச் சொல்லு," என்றாள்.

சர்ச்சில் பூசை சீக்கிரம் முடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் நிழல் இல்லை. புதிதாக வெட்டிய குழியின் ஓரம் நடப்பவர்களின் காலடியில் சரிந்துகொண்டிருந்தது. பெட்டியை இறக்கிக் கயிற்றை உருவியதும் சாமியார் ஜெபத்தை முடித்துத் தீர்த்தம் தெளித்தார். சுற்றிப் பார்த்தார்.

"மகன்?"

"பாரின்ல கீறான் சாமி," என்றார் யேசுதாசன். சொல்லிவிட்டுத் தானே குனிந்து மண்ணை எடுக்கப் போனார். அதற்குள் அம்மணி கனகவல்லியின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "அவ போடுவா."

பின்னாலிருந்த பெண்கள் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவங்க நம்ம ஜனமில்லியே என்று ஒருத்தி சொன்னது தெளிவாகவே கேட்டது. அம்மணி திரும்பிப் பார்த்தாள். முணுமுணுப்பு அடங்கியது.

கனகவல்லி ஒரு கை மண் எடுத்தாள். மண்ணாக இல்லை, காய்ந்து இறுகிய கட்டி. விரலால் நொறுக்கிப் போட நினைத்தாள். நொறுங்கவில்லை. அப்படியே விழுந்தது. பலகையில் பட்ட சத்தம், யாரோ உள்ளேயிருந்து ஒருமுறை தட்டியதுபோல இருந்தது. அவள் பின்னால் நகர்ந்தாள். மண்வெட்டிக்காரர்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

திரும்பும்போது யேசுதாசன் இரண்டு பெண்களையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. முன்னும் பின்னும் வண்டிகள். கேட்டுக்கு அடியில் குனிந்து சைக்கிள்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பீச்சிலிருந்து வரும் எலெக்ட்ரிக் ரயில் வேலை விட்டவர்களைக் கதவோரங்களில் தொங்கவிட்டுக்கொண்டு மெதுவாக நிலையத்தை நோக்கிப் போனது. அதன் சத்தம் அடங்கிய பிறகும் கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வரவேண்டும்.

அம்மணி மடியில் கைகளை வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்திருந்தாள். நகக்கண்களில் மெழுகு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டத் தொடங்கினாள்.

"இப்ப அங்க இன்னா நேரம் இருக்கும்?"

"மத்தியானம் அத்தை."

இரண்டாவது ரயிலும் போனது.

"சாப்ட்டிருப்பானா?"

கனகவல்லி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் மெல்ல மேலே எழும்பியது. முழுக்க எழும்புமுன்பே இரண்டு பக்கமிருந்தும் வண்டிகள் நுழைந்து ஒன்றையொன்று மறித்துக்கொண்டன. ஆட்டோக்காரர் நெம்புகோலை இழுத்தார். எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் இழுத்தார். பின்னாலிருந்து லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. அவர் அலுப்போடு கீழே இறங்கி, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார். இறங்க வேண்டும் என்று பெண்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஆட்டோ தண்டவாளங்களின்மேல் ஏறி ஏறி இறங்கி, அவர்களைச் சுமந்துகொண்டு மெதுவாக அந்தப் பக்கம் போனது.